யாரிடம் கற்றார்கள்?

(பூம்பாறையில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முருகன் குழந்தை வேலப்பராகக் குடியிருக்கும் ஊரில் இஸ்லாமியக் கல்வியைப் பற்றிப் பேச, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு முஸ்லிம் ராவுத்தர் வீட்டுத் தமிழாசிரியனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மனசுக்கு முதலில் நன்றி. உங்கள் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து எங்கள் வீட்டு ஆணக் குழம்புக்கும் வந்து சேர்கிறது. வேலப்பர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் அருணகிரிநாதர் முருகனை ராவுத்தன் என்றே அழைத்திருக்கிறார். அதனால் வேற்று மேடையில் நிற்கிற உணர்வு எனக்கு இல்லை.

பல மதத்தார் கலந்து வாழும் நாட்டில் இஸ்லாமியக் கல்வி சகிப்புணர்வை வளர்க்கிறதா, குலைக்கிறதா என்பதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதற்கு வழக்கமாக வசனங்களை வைத்தே வழக்காடுவார்கள். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தை ஒருவர் எடுத்துக்காட்டுவார். மனிதர் பல இனங்களாகப் பிரிந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற கருத்து அங்கே இருக்கிறது. 6ஆம் அத்தியாயம் 108ஆம் வசனம் பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசக்கூடாது என்று தடுக்கிறது. எதிர்ப்பக்கத்தார் போர்க்கால வசனங்களை எடுத்துப் போடுவார்கள். விடிய விடிய இப்படியே பேசலாம். அந்த வசனங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால், இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் ஒன்று தெரியும். ஒரு வசனத்தைப் பிள்ளை எந்த மனசோடு வாங்கிக்கொள்கிறது என்பது சொல்லிக்கொடுக்கிறவரைப் பொறுத்தது. ஆகவே நான் வேறு கேள்வி கேட்கிறேன். இஸ்லாமிய உலகத்தின் பெரிய படிப்பாளிகள் யாரிடம் கற்றார்கள்? யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

முதலில் மதீனாவுக்குப் போவோம். கி.பி. 624ஆம் ஆண்டு பத்ருப் போர் முடிந்தது. மக்கத்துக் குறைஷியரில் பலர் சிறைப்பட்டார்கள். பணம் உள்ளவர்கள் மீட்புத்தொகை கொடுத்துப் போனார்கள். பணமில்லாமல் எழுதப் படிக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு நபிகள் நாயகம் வேறொரு வழி வைத்தார்: ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. சிலை வணங்கிகள், நேற்றுவரை வாளோடு எதிரே நின்றவர்கள். அவர்கள் முன்னால் முஸ்லிம் பிள்ளைகள் பலகையோடு உட்கார்ந்தார்கள். அப்படி எழுத்துக் கற்றவர்களில் ஸைத் பின் ஸாபித்தும் ஒருவர் என்று 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு சஅத் குறித்திருக்கிறார். ஸைத் யார்? நாயகத்தின் காலத்துக்குப் பின் கலீபா அபூபக்கர் கட்டளைப்படி திருக்குர்ஆனை ஒரே தொகுப்பாகத் திரட்டிய எழுத்தர். வேதத்தைத் தொகுத்த கை, வேதத்தை ஏற்காதவரிடம் எழுத்துப் பழகியது. இதே ஸைதை யூதர்களின் எழுத்தையும் கற்றுக்கொள்ளும்படி நாயகம் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன.

மாற்று மதத்தாரிடம் படித்தால் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, கெடும் என்று என் சமூகத்தில் சிலர் இன்று சொல்கிறார்கள். அவர்களிடம் இந்தச் செய்தியை மட்டும் நினைவூட்டுகிறேன். இது யாரோ நவீனக்காரர் கட்டியது இல்லை. அவர்கள் மதிக்கிற நூல்களிலேயே இருக்கிறது.

பாக்தாதுப் பக்கம் வந்தால் இந்த வழக்கம் இன்னும் விரிகிறது. தத்துவப் பேரறிஞர் ஃபாராபி, யூஹன்னா பின் ஹைலான் என்ற கிறித்துவரிடம் தர்க்கம் படித்தார். ஃபாராபியிடம் படித்து அவருக்குப் பின் தர்க்கத்தில் தலைமை பெற்ற யஹ்யா பின் அதீ இன்னொரு கிறித்துவர். பாடம் கிறித்துவரிடமிருந்து முஸ்லிமுக்கு வந்து, முஸ்லிமிடமிருந்து கிறித்துவருக்குப் போனது. நம் நாட்டுக்கு வந்த அல் பிரூனியும் அப்படித்தான். கஜினி மஹ்மூதின் காலம் அது. இந்தியப் பண்டிதர்கள் ஒரு முஸ்லிமை நம்புவதற்குக் காரணமே இல்லாத காலம். மஹ்மூதின் படையெடுப்புகள்தான் அந்த வெறுப்பை விதைத்தன என்று பிரூனியே ஒளிக்காமல் எழுதினார். அதற்கு நடுவிலும் சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிய பெருநூலை முடித்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்.

தூரதேசம் போதும். நம் எட்டயபுரத்துக்கு வாருங்கள்.

உமறுப் புலவர் 1642இல் பிறந்தவர். தகப்பனார் வாசனைப் பொருள் வியாபாரி. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். கடிகைமுத்துப் புலவர் இந்து. தம் இடத்துக்கு வாரிசாக வந்து அமரும் அளவுக்கு அந்த முஸ்லிம் பிள்ளையை ஆளாக்கினார். குருவுக்குப் பின் உமறு அதே அவையில் புலவரானார். இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். புலமை என்பது அந்தக் காலத்தில் சோறு, நிலம், மரியாதை எல்லாம் சேர்ந்த பதவி. அதை வேற்று மதத்து மாணவனுக்கு ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அடுத்து நடந்ததுதான் இன்றைய தலைப்புக்கு நேரான பாடம். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று உமறு முயன்றார். வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். ஆனால் வரலாற்றுச் செய்திகள் அரபியில் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கக் கீழக்கரையின் பெரும் ஆலிம் சதக்கத்துல்லா அப்பாவிடம் போனார். உமறுவின் உடையும் அணிகலனும் இந்து அரசவைப் புலவருடையவை போல இருந்தன. அதைப் பார்த்து அப்பா முதலில் பாடம் சொல்ல மறுத்தார் என்று நம் முஸ்லிம்களே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். உமறு மனம் நொந்து போனார். பின் கனவில் நாயகத்தின் குறிப்பு கிடைத்து, அப்பா மனம் மாறி, பாடத்துக்கு வழி செய்தார் என்று கதை முடிகிறது. கனவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். நான் கவனிப்பது வேறு: ஒரு பெரிய மார்க்க அறிஞருக்கும் தயக்கம் இருந்தது, அந்தத் தயக்கத்தைச் சமூகம் மறைக்கவில்லை, அதைத் தாண்டியதையே புண்ணியமாகச் சொல்லிவந்தது. சீதக்காதிக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவில் வளர்ந்த சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது.

அதன் நாட்டுப் படலத்தை இங்கே உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் படித்திருப்பீர்கள். அது அரபு நாட்டு வர்ணனை. ஆனால் மலையில் மேகம் இறங்குகிறது, மழை கொட்டுகிறது, வெள்ளம் குறிஞ்சியிலிருந்து முல்லைக்கும் மருதத்துக்கும் பாய்கிறது, வயல் விளைகிறது. மக்கத்தை இப்படிப் பாடுவதற்கு உமறு எங்கே கற்றார்? கம்பனிடமும், கம்பனைச் சொல்லிக்கொடுத்த தமிழ் மரபிடமும். கடிகைமுத்துப் புலவரின் பாடம் இல்லாவிட்டால் சீறா இல்லை. சதக்கத்துல்லா அப்பாவின் பாடம் இல்லாவிட்டாலும் சீறா இல்லை. நாயகத்தின் மேல் தமிழ் முஸ்லிம்களுக்கு இருக்கும் அன்பின் பாஷையை இரண்டு மதத்து வாத்தியார்கள் சேர்ந்து உருவாக்கினார்கள்.

பாடம் எதிர்த்திசையிலும் நடந்தது. தொண்டிப் பக்கம் குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் மார்க்கம் படித்து, சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபைக் குருவாகக் கொண்டவர்களில் ஐயாசாமி முதலியார் இருந்தார். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் மஸ்தான் சாகிபுமேல் நான்மணிமாலை பாடினார். குமரி மாவட்டத்துச் செய்குத்தம்பிப் பாவலர், சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் படித்தார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கேள்விகளுக்கு ஒரே அமர்வில் முகம்கொடுத்து மகாமதி சதாவதானி ஆனார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களுக்குள்ளேயே பெரிய பூசல் மூண்டபோது, அருட்பாவே என்று மேடைமேடையாக நின்று பேசியவர்களில் இந்த முஸ்லிம் பாவலரும் ஒருவர். காஞ்சிபுரத்தில் அவருக்குச் சிறப்புச் செய்தார்கள். பின்னாளில் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் சென்னைக் கம்பன் கழகத்தைக் கட்டி வளர்த்து, வாலி வதத்தைப் பற்றி நூல் எழுதி, ஒரு தலைமுறைக்கே கம்பனை விளக்கினார். நாகூரில் பிறந்த முஸ்லிம். அவர் கம்பன் பேச வந்தபோது எந்தச் சபையிலும் மதம் குறுக்கே வரவில்லை.

ராமேசுவரத்துச் சிறுவன் அப்துல் கலாமின் ஒரு நாளை அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார். விடியுமுன் எழுந்து, குளித்து, சுவாமியார் என்ற கணக்கு வாத்தியாரிடம் இலவசமாக டியூஷன். குளிக்காமல் வந்தால் அவர் பாடம் எடுக்கமாட்டார். அது முடிந்து வந்ததும், இமாமாக இருந்த அத்தா கூட்டிக்கொண்டு போய்த் தொழவைத்து, அரபிப் பள்ளியில் குர்ஆன் ஓதவிடுவார். பிறகு பத்திரிகை போடுகிற வேலை; பிறகு பள்ளிக்கூடம். ஒரே காலையில் இரண்டு ஒழுக்கங்களும் அந்தப் பிள்ளையின் உடம்பில் படிந்தன. அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, ஆசாரமான அவர் மனைவி அடுக்களையில் வைத்துப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த வாரம் அந்த அம்மாவே உள்ளே கூட்டிப்போய்த் தம் கையால் பரிமாறினார். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்: ஐயர் மனைவியோடு வாதாடவில்லை, மாணவனை மறுபடி கூப்பிட்டார்.

ஆனால், ஒரு வாத்தியார் மாணவர்மேல் வைத்த அன்பு ஊரையே காப்பாற்றிவிடும் என்று நான் சொன்னால் அது பொய்.

யாழ்ப்பாணத்தில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1948இல் பதவியை விட்டுவிட்டு, 1892இல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபரானார். இந்துக் கல்லூரி வளர்த்தவர் முஸ்லிம் கல்லூரியை எப்படி நடத்தினார் தெரியுமா? தமிழுலகம் கொண்டாடும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கேதான் மாணவராகப் படித்து, பிறகு ஆசிரியராகவும் இருந்தார். கேட்கவே நெஞ்சு நிறைகிறது அல்லவா? ஆனால் அஸீஸ் மறைந்து பதினேழு ஆண்டுகளில், 1990 அக்டோபரில், அவர் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்தும் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்து மக்களுக்கு மூட்டை கட்ட இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. இந்துக் கல்லூரியில் முஸ்லிம்களோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் அந்த ஊரில் அப்போதும் இருந்தார்கள். துப்பாக்கி முன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் பக்கத்திலும் நடந்தது. 1997 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு போலீஸ்காரர் கொலையானார்; தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14இல் வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டார்கள். குண்டு வைத்தவர்கள் இஸ்லாத்தின் பேரைச் சொன்னார்கள். அவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் ஓதியிருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, ஆனாலும் முஸ்லிம் மேடையோ பொது மேடையோ, சொல்லியே தீரவேண்டும். பிள்ளைகளுக்கு அரபி எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் வாழ்கிறவரைப் பற்றி ஒன்றுமே சொல்லிக்கொடுக்காமல் விட்டது யார் என்ற கேள்வி அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து நின்றது.

இங்கே ஒரு உண்மையைத் தெளிவாக வைக்க வேண்டும். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்ற எண்ணம் நாட்டில் பரவியிருக்கிறது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையைப் பாருங்கள். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். மிச்சப் பேர், பள்ளிக்கூடம் போகிறவர்களாக இருந்தால், எல்லாரையும் போல அரசுப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் படிக்கிறார்கள். காலையில் சுபுஹுத் தொழுகைக்குப் பின்னாலோ சாயங்காலம் மஃரிபுத் தொழுகைக்குப் பின்னாலோ பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் அசரத்திடம் ஒரு மணி நேரம் ஓதுகிறார்கள். நானும் அப்படி ஓதியவன்தான். அப்படியானால் ஒரு முஸ்லிம் பிள்ளையின் மதக் கல்வியில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பங்கு இருப்பது போல, மீதி ஐந்தாறு மணி நேரம் அவனோடு இருக்கும் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அவன் மதத்தை அவனுக்கு முன்னால் கேலி செய்யும் ஒரு வாத்தியார், அசரத் ஒரு வருஷம் பாடுபட்டு ஊட்டும் நல்லெண்ணத்தை ஒரு பீரியடில் அழித்துவிடுவார்.

மதரஸா என்றால் மூடிய கதவு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. நம் முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சிறு வயதில் மௌலவியிடம் பாரசீகம் படித்துத் தொடங்கியவர். ஹிந்தி நாவலாசிரியர் பிரேம்சந்தின் முதல் படிப்பும் மௌலவியிடம்தான். இன்றைக்கும் மேற்கு வங்கத்தில் அரசு வாரியத்தின் கீழ் நடக்கும் உயர் மதரஸாக்களில் இந்து ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்கள், இந்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் தொடங்கிய கல்லூரிகளையும் அந்த வரிசையில் வைக்கலாம். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியா, 1951இல் திருச்சி ஜமால் முகமது, 1956இல் எங்கள் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் தொடங்கிய ஹௌதியா கல்லூரி. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த உரிமையில் நிற்கும் இந்தக் கல்லூரிகளில் எல்லாச் சாதி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ விவசாயக் குடும்பங்களின் முதல் பட்டதாரி, ஒரு ராவுத்தர் கட்டிய கட்டடத்திலிருந்து வெளியே வந்தவர். வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான்; அவர் தமிழ் படித்தது மதுரைத் தியாகராசர் கல்லூரியில்.

இனி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். பள்ளிவாசலில் பிள்ளைகள் ஓதும் எங்கள் மக்தபுகளில் இன்று சீறாப்புராணம் இல்லை. மஸ்தான் சாகிபு இல்லை. அரபி உச்சரிப்பைத் திருத்துவதில் காட்டும் அக்கறையை, பிள்ளை பேசும் மொழியில் மார்க்கத்தைச் சொல்வதில் காட்டுவதில்லை. தமிழ் இலக்கியமா, அதில் மாற்று மத வாடை இருக்கும் என்று ஒதுக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். இது மார்க்கப் பற்று என்று நான் ஒப்பமாட்டேன். சதக்கத்துல்லா அப்பா தாண்டிய தயக்கத்துக்குள் நாம் திரும்பிப் போகிறோம். மறுபுறம், தமிழ்ப் பாடநூலில் சீறா வந்தால் மதிப்பெண்ணுக்கு நான்கு வரியை மனப்பாடம் செய்யவைத்து நகர்ந்துவிடும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். ‘வஹீ’ என்றால் என்ன, ‘ஹிஜ்ரத்’ ஏன் நடந்தது என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைப்பதில்லை. வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவன் இருந்தால் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்புகிறது. அவனுக்கும் தெரிவதில்லை, குனிந்துகொள்கிறான்.

இதற்குப் பெரிய திட்டம், பெரிய பணம் எதுவும் வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகிகள் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு நாள் மக்தபுக்கு ஒரு தமிழாசிரியரை அழைக்கலாம். அவர் எந்த மதத்தவராகவும் இருக்கட்டும். நாட்டுப் படலத்தைச் சொல்லிக்கொடுக்கட்டும், உமறுவின் குரு யார் என்பதையும் சேர்த்து. அதேபோலப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சீறா பாடம் வரும் வாரத்தில் பக்கத்து ஊர் அசரத்தைக் கூப்பிடலாம். அரபிச் சொற்களின் பொருளை அவர் சொல்லட்டும். பிள்ளைகள் கேட்கிறதையெல்லாம் கேட்கட்டும். தேம்பாவணி பாடம் வந்தால் பாதிரியாரையும், திருப்புகழ் வந்தால் உங்கள் ஊர் ஓதுகிறவர்களையும் இப்படியே அழைக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கு ஒத்துக்கொண்ட இரண்டு மூன்று பள்ளிவாசல்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர்கள் என்னிடம் கேட்டது, வாரம் தவறாமல் வரும் ஆசிரியர் யார் என்பதைத்தான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது தொடங்க நினைக்கிறோம். மலையிலிருந்து பெரியகுளம், தேனிப் பக்கம் வேலைக்கு வந்துபோகும் தமிழாசிரியர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று அமைப்பாளர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருப்பேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு உங்களுக்குத் தோதுப்படும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மீதியை நான் பேசி முடிக்கிறேன்.